அம்மம்மாவின் பிஸ்கட் டின்னும் தபாற்கந்தோர்ப் புத்தகமும்: பழைய தாள்காசை என்ன செய்வது?

வெள்ளவத்தையில் வீடு மாறும்போது அம்மம்மாவின் அலுமாரி அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே, ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மூடியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம். உள்ளே லேஞ்சிகளில் சுற்றி, றப்பர் வளையம் போட்ட தாள்காசு. வளையங்கள் உருகித் தாளோடு ஒட்டிப்போயிருந்தன. அடியில் கொட்டாஞ்சேனைத் தபாற்கந்தோரில் போட்ட சேமிப்புப் புத்தகம் ஒன்று, கடைசிப் பதிவு 2004.

"எல்லாத்தையும் என்ர புத்தகத்தில போட்டுவிடு பிள்ளை" என்றார் அம்மம்மா. ஒரு மணித்தியால வேலை என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆனது. அந்த அலைச்சலில் பாதி என் பிழை. உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும், அல்லது ஒரு சாமிப்பட உண்டியல், மெத்தைக்குக் கீழே ஒரு கவர். அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடிக்கமுதல் இதை வாசித்துவிடுங்கள்.

1. கவுன்டருக்குப் போகமுதல் நிலத்தில் பிரியுங்கள்

நான் டின்னை அப்படியே பையில் போட்டுக்கொண்டு பக்கத்துத் தபாற்கந்தோருக்குப் போனேன். வரிசையில் முக்கால் மணித்தியாலம். கவுன்டரில் இருந்த அம்மா ஒவ்வொரு தாளாக எடுத்து, பெருவிரலால் அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கால்வாசியை மட்டும் ஒரு பக்கம் வைத்தார். மிச்சத்தை என் பக்கம் தள்ளி, "இதுக்கு இங்கே வேலை இல்லை, மகள்" என்றார் சிங்களத்தில். அவர் சொன்னது சரி. எனக்குப் பின்னால் நின்ற முழு வரிசைக்கும் எங்கள் வீட்டு டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துபோனதுதான் கவலை.

ஒரு பழைய பத்திரிகையை விரித்து ஐந்து குவியலாகப் பிரியுங்கள்: நல்ல நிலையில் உள்ள இலங்கைத் தாள், சேதமான இலங்கைத் தாள், 1970க்கு முந்திய மிகப் பழைய தாள், இந்திய 2000 ரூபாத் தாள், இந்தியப் பழைய 500, 1000. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஒட்டியிருப்பதை இழுத்துப் பிரிக்காதீர்கள், அயர்ன் பண்ணவும் வேண்டாம். ஒவ்வொரு தாளின் இலக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். பிறகு ஆரிடமாவது கொடுத்து அனுப்பும்போது இது உதவும்.

2. "மீளப் பெறுதல்" வேறு, "செல்லாதாக்குதல்" வேறு

எங்கள் வீட்டில் மூன்று நாள் சண்டை நடந்தது இந்த இரண்டையும் குழப்பியதால்தான். ஒரு தாளை மத்திய வங்கி மெல்ல மெல்லப் புழக்கத்திலிருந்து எடுக்கலாம். வங்கிக்குள் போன பழைய தாள் திரும்பி வெளியே வராது, அவ்வளவுதான். உங்கள் கையில் இருப்பது இன்னும் காசுதான். செல்லாதாக்கினால் குறித்த நாளுக்குப் பிறகு அது வெறும் கடதாசி.

இலங்கையில் 50, 100 ரூபாத் தாள்கள் 1970இல், என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது, செல்லாதாக்கப்பட்டன. உங்கள் டின்னில் உள்ள 50 அல்லது 100 ரூபாத் தாளில் 1970 ஒக்டோபருக்கு முந்திய திகதி இருந்தால் அதை எந்த வங்கியும் காசாக எடுக்காது. தாளில் திகதி அச்சிட்டிருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அம்மம்மாவிடம் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் படம் போட்ட நூறு ரூபா மூன்று இருந்தன. அவை இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள். பழந்தாள் சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், ஆனால் முதலில் கேட்பவருக்கே விற்றுவிடாதீர்கள்.

மற்றபடி கடைக்காரர் முகம் சுளிக்கும் பல தாள்கள் செல்லுபடியானவை. 1998இல் வந்த பிளாஸ்டிக் 200 ரூபா, 2006இல் வந்த 2000 ரூபா, நாணயக்குற்றி வந்தபின் காணாமல்போன 10 ரூபாத் தாள் எல்லாம் செல்லும். மத்திய வங்கியின் 75ஆம் ஆண்டுக்காக 2025 ஓகஸ்டில் வந்த புது 2000 ரூபாவும் செல்லும். "இது நினைவுத் தாள், எடுக்கமாட்டோம்" என்று ஒரு மரக்கறிக் கடையில் எனக்கே சொன்னார்கள். கடையோடு வாதாட வேண்டாம், இவற்றை நேரே கணக்கில் போட்டுவிடுங்கள்.

3. சேதமான தாள்: நீங்கள் கிழித்ததா, தானாகக் கிழிந்ததா?

இந்தக் கேள்விதான் முழு விடயமும். பழசாகி, ஈரம்பட்டு, மடிப்பில் கிழிந்த தாளை வர்த்தக வங்கிகளில் மாற்றலாம். வேண்டுமென்று வெட்டியது, எழுதியது, உருமாற்றியது என்றால் இப்போது பெறுமதி இல்லை, நட்டம் வைத்திருப்பவருக்கு. தாளை அப்படிச் சேதப்படுத்துவதே குற்றம். மொய்க் கவரில் பேர் எழுதுவதுபோலத் தாளிலேயே எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விடவேண்டும்.

இங்கேதான் என் பெரிய பிழை. மடிப்பில் இரண்டாகப் போன ஆயிரம் ரூபாத் தாள்கள் ஐந்தை இரவிரவாக இருந்து செலோடேப் போட்டு ஒட்டினேன். அழகாகத்தான் ஒட்டியிருந்தேன். வங்கியில் இருந்த பொடியன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இந்தப் பக்கம் ஒரு நம்பர், அந்தப் பக்கம் வேற நம்பர்." ஒரு தாளின் பாதியை இன்னொரு தாளின் பாதியோடு ஒட்டியிருக்கிறேன்! மோசடிக்காரர் செய்வதும் இதைத்தான். நல்ல காலம், மற்றப் பாதிகளும் அதே பையில் இருந்தன. வீட்டுக்கு வந்து, டேப்பை ஹெயார் டிரையரால் சூடாக்கி உரித்து, இரண்டு பக்க இலக்கமும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சேர்த்தேன். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஆகவே ஒட்டாதீர்கள். துண்டுகளை ஒரு தாளுக்கு ஒரு கவர் என்று போட்டுக் கொண்டுபோங்கள். கறையான் தின்றது, நெருப்பில் கருகியது என்றால் உதிரும் தூளைக்கூட எறியாமல் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வையுங்கள். எவ்வளவு பகுதி மிஞ்சியிருக்கிறது என்பதை அங்கே பார்ப்பார்கள். கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கே போனால் பேச்சு இலகு. திங்கள் காலையும் மாத முடிவும் வேண்டாம், செவ்வாய் அல்லது புதன் பத்து மணிக்குப் பிறகு நல்லது. எனக்கு இரண்டு பயணம், அடையாள அட்டைப் பிரதி, கையால் எழுதிய ஒரு கடிதம் தேவைப்பட்டன. கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஓட்டோவுக்குத்தான் செலவு.

4. இந்தியத் தாள்கள்

கொழும்புத் தமிழ் வீடுகளில் இந்தியக் காசு இல்லாத அலுமாரி குறைவு. சென்னைக்கு மருத்துவத்துக்குப் போனது, தி.நகரில் கலியாணச் சேலை எடுத்தது, திருச்செந்தூர் யாத்திரை என்று ஏதாவது ஒன்றில் மிஞ்சியது. அடுத்தமுறை உதவும் என்று வைப்போம். அதற்குள் டில்லியில் ஓர் அறிவிப்பு வந்துவிடும்.

*பழைய 500, 1000.* 2016 நவம்பர் 8 இரவு அறிவித்துச் செல்லாதாக்கியவை இவை. இந்தியாவுக்குள் கணக்கில் போட 2016 டிசம்பர் 30 வரை நேரம் இருந்தது. வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு 2017 ஜூன் 30 வரை. இப்போது வழி இல்லை, ஒரு வழியும் இல்லை. அதைவிட, 2017இல் இந்தியாவில் வந்த சட்டப்படி பத்துத் தாளுக்கு மேல் வைத்திருந்தால் அபராதம் உண்டு: 10,000 ரூபா அல்லது முகப்பெறுமதியின் ஐந்து மடங்கு, எது கூடவோ அது. ஆகவே "அங்கே ஆரும் மாற்றித் தருவினம்" என்று பெட்டிக்குள் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பாதி விலைக்கு எடுக்கிறோம் என்று கைபேசியில் செய்தி வந்தால், அவர் கேட்கப்போவது முதலில் "பதிவுக் கட்டணம்". என் மச்சாள் 5,000 ரூபா அனுப்பிவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள்.

புது 500 செல்லும். சாம்பல் நிறம், பின்பக்கம் செங்கோட்டை. அவசரத்தில் அதையும் சேர்த்துக் கழித்துவிடாதீர்கள்.

*2000 ரூபா.* பின்பக்கம் மங்கள்யான் படம் உள்ள கத்தரிப்பூ, ரோசா கலந்த நிறத் தாள். இதை 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி மீளப் பெறுவதாக அறிவித்தது. செல்லாதாக்கவில்லை. இரண்டாம் பகுதியில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் பலன் தருகிறது. இந்திய வங்கிக் கிளைகள் 2023 ஒக்டோபர் 7 வரை எடுத்தன. அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்கள்தான். நமக்குக் கிட்ட உள்ளவை சென்னை, திருவனந்தபுரம், பெங்களூர். ஒருமுறைக்கு 20,000 ரூபா வரை மாற்றலாம். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் நான் கேட்ட காசு மாற்றும் கடைகள் எல்லாம் தலையை ஆட்டிவிட்டன.

இதற்கு இன்னொரு வழி தபால். இந்தியாவில் உள்ளவர் எந்தத் தபால் நிலையத்திலிருந்தும் 2000 ரூபாத் தாளை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அனுப்பலாம், காசு அவரது இந்திய வங்கிக் கணக்கில் விழும். 2016இல் அங்கே தபால் நிலையங்களே தாளை வாங்கி மாற்றிக் கொடுத்தன. அதை நினைத்துக்கொண்டு இப்போது போய்க் கவுன்டரில் காசு கேட்டால் கிடைக்காது. இப்போது தபாலின் வேலை அனுப்பிவைப்பது மட்டும்.

எங்களுக்கு உதவியது திருச்சியில் இருக்கும் பெரியம்மாவின் மகள். அவர்கள் மலைநாட்டிலிருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன குடும்பம், இந்தியக் குடியுரிமை உண்டு. எங்கள் ஒன்பது தாளையும் (18,000 ரூபா) தம்பி கோயில் பயணம் போகும்போது கையில் கொண்டுபோனான். அக்கா படிவத்தை நிரப்பி, அடையாளப் பத்திரப் பிரதியும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியும் வைத்து, காப்புறுதித் தபாலில் சென்னைக்கு அனுப்பினார். மூன்று வாரத்துக்குப் பிறகு கணக்கில் விழுந்தது. தபால் செலவு அக்காவுடையது, நாங்கள் இங்கிருந்து கொடுத்த கருவாட்டில் அது கழிந்தது.

மூன்று எச்சரிக்கை. ஒன்று, வெளிநாட்டில் வாழும் ஒருவர் இந்தியாவுக்குள் 25,000 இந்திய ரூபா வரைதான் கொண்டுபோகலாம். இரண்டு, அந்த அனுமதி விமான நிலையம் வழியாகப் போனால் மட்டும். காங்கேசன்துறைக் கப்பலில் நாகபட்டினம் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மூன்று, கொழும்பிலிருந்து கடிதத்துக்குள் தாளை வைத்து அனுப்ப நினைக்கவே வேண்டாம். தாள்காசைச் சாதாரணத் தபாலில் வைப்பது தடை. தொலைந்தால் கேட்க நாதி இல்லை.

இரண்டே இரண்டு தாள்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட உதவும்.

5. தூங்கிப்போன புத்தகத்தை எழுப்புவது

தபாற்கந்தோர்ப் புத்தகம் என்று நாம் சொல்வது தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கு. 1972இல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியைச் சேர்த்து அது உருவானது. தபாற்கந்தோரும் உப தபாற்கந்தோரும் அதன் முகவர்கள். வைப்புக்கும் வட்டிக்கும் அரசாங்க உத்தரவாதம் உண்டு, அம்மம்மா தலைமுறை அதில் வைத்த நம்பிக்கைக்குக் காரணம் அதுதான். ஆகவே புத்தகம் எவ்வளவு பழசானாலும் எறியாதீர்கள்.

ஆனால் பல வருடம் தொடாத கணக்கில் தபாற்கந்தோர்க் கவுன்டரில் நேரே காசு போடவும் எடுக்கவும் விடமாட்டார்கள். முதலில் வங்கிக் கிளைக்குப் போய் உயிர்ப்பிக்கவேண்டும். நான் தபாற்கந்தோருக்கு மூன்று தரம் நடந்தபின்தான் இதைத் தெரிந்துகொண்டேன். கொண்டுபோகவேண்டியவை:

- புத்தகம். தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி.
- அடையாள அட்டை, மூலமும் இரண்டு பிரதியும். பழைய புத்தகத்தில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை எண் இருக்கும். இப்போது கையில் உள்ளது பன்னிரண்டு இலக்கமாக இருந்தால், பழைய அட்டையின் பிரதி இருந்தால் அதையும் எடுங்கள்.
- முகவரிக்குச் சான்று. வாடகை வீட்டில் மின்சாரப் பில் வீட்டுக்காரர் பேரில்தான் வரும். அப்போது கிராம சேவகர் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கவேண்டும். கிராம சேவகர் எல்லா நாளும் கந்தோரில் இருக்கமாட்டார், கதவில் ஒட்டியிருக்கும் நாட்களைப் பார்த்துப் போங்கள். இதற்கு மட்டும் ஒரு வாரம் வையுங்கள்.
- பேரில் வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக்கடதாசி.

கடைசியாகச் சொன்னதுதான் தமிழருக்கு வரும் வழமையான தலையிடி. அம்மம்மாவின் பேர் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடுதல், அடையாள அட்டையில் தகப்பன் பேர் முன்னால், புத்தகத்தில் புருசன் பேர் பின்னால். "இரண்டும் ஒரே ஆள்தான்" என்று நான் சொன்னால் போதாதாம். சத்தியக்கடதாசி தட்டச்சுக்கு 500 ரூபா கொடுத்தேன். நீங்கள் போகமுதலே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள், ஒரு பயணம் மிச்சம்.

கையொப்பமும் அப்படித்தான். எண்பது கடந்தவரின் கை நடுங்கும், 2004 கையொப்பம் வராது. நான் மட்டும் போய்க் கதைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு போனதும் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. புதுக் கையொப்பம், பெருவிரல் அடையாளம், கூடவே நொமினி பேரும் அன்றே கொடுத்துவிட்டோம். நொமினியைப் பின்னுக்குப் போடாதீர்கள். காசு வைத்தவர் போனபின் பிள்ளைகள் அலைகிற அலைச்சல் இதைவிடப் பெரிது.

6. காசைப் போடும் நாள்

நல்ல தாள்களைப் பெறுமதிவாரியாக அடுக்கி, எண்ணி, துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கிருந்து வந்த காசு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: வீட்டுச் சேமிப்பு, நகை விற்றது, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. பத்து இலட்சம் ரூபாவோ அதற்கு மேலோ காசாக வந்தால் வங்கி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அது குற்றச்சாட்டு இல்லை, வழமையான அறிக்கை. அதற்குப் பயந்து இரண்டு இலட்சம், மூன்று இலட்சமாகப் பிரித்துப் போடுகிறவர்கள்தான் உண்மையில் சந்தேகத்தை வாங்குகிறார்கள்.

வட்டிக்கு வரி பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதம், முன்னர் 5 வீதமாக இருந்தது. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்குக் கூடாதவர் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வங்கியே எடுத்து நீட்டாது, நீங்கள்தான் கேட்கவேண்டும். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் அந்த நேரம் போய் "இந்த வருடத்துக்கும் கொடுக்கவேண்டுமா" என்று விசாரியுங்கள்.

7. எடுக்கும்போது

வீட்டுச் செலவுக்கு மாதம் கொஞ்சம் எடுக்கத் தபாற்கந்தோர் வசதி. நடந்துபோகும் தூரம், கதிரையும் கிடைக்கும். பெரிய தொகை என்றால் கிளைக்குப் போங்கள். உப தபாற்கந்தோர் லாச்சியில் அவ்வளவு காசு இருக்காது, முதல்நாளே சொல்லிவைத்தாலும் "நாளைக்கு வாங்கோ" வரலாம். ஓய்வூதிய நாட்களில் போகாதீர்கள். தபால் ஊழியர் வேலைநிறுத்தம் என்றால் புத்தகம் இருந்தும் பலன் இல்லை. 2025 ஓகஸ்டில் ஒரு வாரம் அப்படிக் கதவு பூட்டிக் கிடந்தது, அம்மம்மாவின் மருந்துக்கு நான்தான் கைக்காசு போட்டேன். அதனால் பதினைந்து நாள் செலவுக்குக் காணக்கூடியதை வீட்டில் வைத்திருப்பதில் பிழை இல்லை. டின்னில் வைப்பதென்றால் றப்பர் வளையம் வேண்டாம், நூலும் வேண்டாம், கடதாசிக் கவர் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் செலவழித்துவிட்டுப் புதுத் தாள் வையுங்கள்.

கவுன்டரை விட்டு நகரமுதல் புத்தகத்தில் விழுந்த தொகையை வாசியுங்கள். எங்களுக்குக் கடைசி நாளில் ஒரு பூச்சியம் குறைவாகப் பதிந்திருந்தது. அம்மம்மாதான் கண்டுபிடித்தார், கண்ணாடி போடாமல்.